கைதட்டல்

பிப்ரவரி 1, வியாழன்

மழை. தபாஸ் என்ற சிற்றுணவுத் தட்டுகள் பாதி கழுவாமல் கிடக்கின்றன. பத்தரைக்கு மேல் எங்கள் ஸ்பானிய உணவகம் என் கணவர் சதீசனுடையது: விளக்கைக் குறைப்பார், மேசைகளை ஒதுக்குவார், ஆட இறங்குவார். நடுவில் வழுக்கி விழுந்ததுபோல் நடித்து மல்லாந்து கிடப்பார். கூட்டம் கைதட்டினால்தான் எழுவார். ஐம்பது வயசில் என்ன இது என்றேன். "நீ மட்டும்தான் இன்னும் தட்டல" என்கிறார்.

பிப்ரவரி 5

சனிக்கிழமை விழுந்தார். மாரடைப்பாம். கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பிப்ரவரி 10

எட்டாம் நாள் சடங்கு. அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, ஆலிவ் எண்ணெயில் இறால் செய்து, கடைச் சட்டியிலேயே வைத்தேன். செல்வநாயகி மச்சாள் அதை எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டார். "அந்தக் கடைதானே என்ட தம்பியத் திண்டது?"

கடைக் குத்தகை சதீசனின் அண்ணன் பரமநாதன் அத்தான் பெயரில்; புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். "சாப்பாடு மட்டும் போடு, பிரியந்தி. ஆட்டம் இருந்தா நான் சைன் வைக்க மாட்டன்."

முடியாது என்றேன். சாப்பாடு என் வேலை. அந்த ஆட்டத் தரைதான் சதீசன். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

பிப்ரவரி 19

கடையில் பாட்டுப் போடும் தனேஷ் அன்றிலிருந்து போனை எடுப்பதே இல்லை. சுங்கை பினாங்கில் அவன் பிளாட்டுக்குப் போனேன். "அண்ணே விளையாடறாருன்னுதான் நெனச்சேன் அக்கா. வால்யூம கூட்டினேன்லா." அவனைத் திட்டத்தான் போனேன். தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4

முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்தது. அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். "உன்ட விருப்பம். நான் அங்க கால் வைக்க மாட்டன்." ஜெயித்துவிட்டேன். ஏன் பசிக்கவே இல்லை?

மார்ச் 8, வெள்ளி

கடையைத் திரும்பத் திறந்தோம். இடம் நிறைந்தது. தனேஷ் வந்தான், பாட்டுப் போட்டான். ஒரு சீனத் தம்பதி எழுந்து ஆடினார்கள் — அழகாகத்தான் ஆடினார்கள். ஒரு மேசையில் கைதட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லா மேசையிலும்.

என்னால முடியல. போய் மெயின் ஸ்விட்சை அணைச்சிட்டேன். இருட்டில் தனேஷ், "கரண்ட் போச்சா அக்கா?"

ஆமா தம்பி.

மார்ச் 21

அத்தான் குடும்பத்தோடு வந்தார். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் புதிதாகப் போட்ட நான்கு மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்தார். இறால் கேட்டார்; நன்றாக இருக்கிறதென்று இன்னொரு சட்டியும் கேட்டார்.

ஆடுவதற்காக மெழுகிய தரை. நாற்காலிகள் வழுக்குகின்றன. கால்களுக்கு ரப்பர் வாங்க வேண்டும்.