மயில் கொத்து போர்டு வேண்டாங்க

என்னங்க,

கொழும்பு ரயில்ல வந்து எறங்கினதும் பசிக்கும். ரொட்டியும் கட்டச்சம்பலும் மூடி வச்சிருக்கேன். கடைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு. நான் படிச்சுக் குடுக்க லுணுகலை ஸ்கூலுக்குக் கெளம்பிட்டேன், வெள்ளிக்கிழமைதான் வருவேன்.

நம்ம ஹோட்டலுக்கு 'மயில் கொத்து'ன்னு அவங்க கடைப் பேரை வைக்க நீங்க கொண்டு வர்ற அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க. அந்தக் கொழும்புக் கடை மொதலாளி ஒங்களுக்குக் காட்டினது வெறும் வியாபாரப் பதிவு. ட்ரேட்மார்க் அவரு அண்ணன் பேருல இருக்காம். லோயர் ஆபீஸ்ல வேலை செய்யிற என் தங்கச்சி விசாரிச்சுச் சொன்னா. தம்பியான இவருகிட்ட பேரை வாங்கி நாம போர்டு மாட்டினா, அண்ணன் நம்ம மேலதான் கேஸ் போடுவாரு. நீங்க சொன்ன மாதிரி முன்னால 'பதுளை'ன்னு நம்ம ஊரு பேரைச் சேத்துக்கிட்டாலும் விடமாட்டாரு.

"யாவாரத்தப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"னு அன்னைக்குக் கத்துனீங்க. அதுக்கப்புறம் நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்ல.

புவனா

மறந்துட்டேன்: நாளைக்கு வில்லங்கம் இல்லாத வேற பேரு கெடைச்சா, நீங்களே பெயின்ட் பண்ணின 'புவனா ஹோட்டல்' போர்டைக் கழட்டிக்குங்க, பரவாயில்ல. வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வாய் நெறைய ஒரு தடவை அந்தப் பேரைக் கூப்பிடுங்க.