பருத்தி இலையில் விழுந்த புள்ளி

அம்மிணிக்கு,

இதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, என் பருத்தி இலையெல்லாம் பழுப்புப் புள்ளி விழுந்து கிடந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் உன் வீட்டுக்காரர் அடித்த களைக்கொல்லிதான் காற்றில் வந்தது என்று ஊர் கேட்கப் பேசினேன். பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

என் பேத்தி தமிழினி செயற்கைக்கோள் படங்களை வைத்து ஓசோனைப் பற்றிப் படிக்கிறாள். போன வாரம் பருத்திக்காட்டுக்கு வந்தாள். அதே புள்ளி இந்த வருஷமும் விழுந்திருக்கிறது.

"களைக்கொல்லின்னா வேலியோரந்தானுங்க அம்மாயி அதிகமா இருக்கோணும். இது காடு பூரா ஒரே மாதிரி இருக்குது. லாரிப் புகை வெயில்ல வெந்து ஓசோனா மாறி இலையச் சுடுதுங்க. தரையோரத்து ஓசோன செயற்கைக்கோள்ல நேரா பாக்க முடியாது. புகைய மேலிருந்து பாத்துக் கணக்குப் போடறோம்" என்றாள். அந்த வருஷத்துப் படத்தையும் காட்டினாள். புகை அதிகமான இடமெல்லாம் சிவப்பாம்; நம் ஊர் சிவந்து கிடந்தது.

அன்றைக்கு நான் வேலியோரம் மட்டுந்தான் பார்த்தேன். சரி, எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. உனக்கென்ன வந்தது? "காடு பூரா போய்ப் பாத்துட்டு வந்து பேசுக்கா" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. வாயை மூடிக்கொண்டு போனவளை யார்தான் நம்புவார்கள்?

களைக்கொல்லி என்று வீண்பழி போட்டது என் தப்புதான். அதை நேற்று டீக்கடையில் பத்துப் பேர் கேட்க ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஆனால் என் வீட்டுக்காரர் செத்தபோது நீ எட்டிப் பார்க்கவில்லை. அதைப் புகைமேல் போட முடியாது. அதற்கு நீதான் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

உன் அக்கா