எல்மர்டேலுக்குப் பெயர் வந்த கதை

2008 நவம்பர் 18, சான் ஹோசே

இனியன் திருடன்.

சனிக்கிழமைகளைத் தொலைத்து நான் எழுதிய எல்மர்டேல் வரலாற்றை, அவன் பெயரைப் போட்டு மேனேஜர் ஸ்ரீநிவாசனுக்கு அனுப்பியிருக்கிறான். எங்கள் கம்பெனியின் இணைய வரைபடத்தில் ஒரு மாவட்டத்தை அழுத்தினால் அதன் கதை வரும். எல்மர்டேல் இங்கிலாந்தில் உள்ள ஒரு மாவட்டம். வருகிற ஏப்ரலில் அதைக் கலைக்கிறார்கள்.

வீட்டில் கேட்டேன். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, "டீம் வொர்க்குடா திரு. அப்லோட் பண்றது நான்தானே?" என்றான்.

கோவையில் ஒரே காலேஜ். இங்கே ஒரே அபார்ட்மென்ட். அவன் மேனேஜரை "ஸ்ரீநி" என்கிறான். எனக்கு இன்னும் "சார்"தான் வருகிறது.

நவம்பர் 24

இந்த வருஷம் எங்கள் டீமில் ஒருவருக்குத்தான் கிரீன் கார்டு அப்ளை பண்ணுவார்களாம். அவனா, நானா? என் விசா அடுத்த அக்டோபரோடு சரி.

டிசம்பர் 9

"அந்த ரெண்டு ஊர் சண்டை சூப்பர், இனியன்!" எல்லோர் முன்னாலும் ஸ்ரீநிவாசன்.

1974இல் ஒரு மில் ஊரையும் ஒரு சந்தை ஊரையும் ஒட்டி ஒரே மாவட்டம் ஆக்கினார்கள். ஒருவர் பெயரை மற்றவர் ஏற்கவில்லை. கடைசியில் நடுவே ஓடும் எல்மர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். கவுன்சில் கூட்டம் ஒரு மாதம் இங்கே, மறுமாதம் அங்கே. முப்பத்தைந்து வருஷமாக இப்படியே. இதைப் பழைய செய்தித்தாள்களில் கண் எரியத் தேடியவன் நான்.

"தேங்க்ஸ், ஸ்ரீநி." அவன் சிரிப்பு. புதுச் சட்டை வேறு.

2009 ஜனவரி 5

எல்மர்டேலைக் காணோம்!

கலைக்கும் தேதியை 01/04/2009 என்று போட்டிருந்தேன் — இங்கிலாந்தில் எழுதுகிற மாதிரி, எங்கள் ஊர் உடுமலையில் எழுதுகிற மாதிரி. இனியன் அப்படியே ஏற்றியிருக்கிறான். அமெரிக்க மெஷினுக்கு அது ஜனவரி நான்கு. நேற்றே மாவட்டத்தைத் தூக்கிவிட்டது. எங்கள் வரைபடத்தை நம்பி முகவரி தேடும் கூரியர்காரர்கள் போனில் கத்துகிறார்கள்.

கட்டுரையின் முதல் வரியிலேயே 'ஏப்ரல்' என்று எழுத்தில் இருக்கிறது. எழுதியவனுக்குத் தெரியாதா? அவன் படிக்கவே இல்லை!

மாட்டினான். சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமே இல்லாத சந்தோஷம்.

ஜனவரி 6

மீட்டிங்கில் இனியன் எழுந்து நின்றான். "மை மிஸ்டேக், ஸ்ரீநி. ஃபுல் ரெஸ்பான்ஸிபிலிட்டி என்னோடது."

"இந்த மெச்சூரிட்டிதாம்ப்பா வேணும்," என்றார் ஸ்ரீநிவாசன். கைதட்டினார்கள்.

"சார், அந்தக் கட்டுரைய நான்தான் —"

"திருமூர்த்தி, பிளேம் கேம் வேண்டாமே."

தப்புக்குக்கூட அவனுக்குத்தான் பேரு. வேலை செஞ்சவன் இவனுங்களுக்கு எதுக்கு? எந்திரிச்சு நின்னு அழகாப் பேசத் தெரிஞ்சாப் போதும். எனக்கு ஏன் அது வரலை? — ச்சே.

பிப்ரவரி 20

கிரீன் கார்டு இனியனுக்கு.

ஏப்ரல் 1

இன்று எல்மர்டேல் நிஜமாகவே கலைந்தது. மதியம் இனியன் கேசரி கொண்டுவந்தான். அவனுடைய கிரீன் கார்டு அப்ளிகேஷனை அனுப்பியாகிவிட்டதாம். "எல்மர்டேலுக்கும் சேர்த்து ஃபேர்வெல்!" என்றான். ஸ்ரீநிவாசன் சிரித்தார்.

டீமில் புதிதாகச் சேர்ந்த ரிதா கேட்டாள்: "அந்த ஊருக்கு ஏன் அப்படி ஒரு பேரு?"

இனியன் என்னைப் பார்த்தான். அந்த மீட்டிங்குக்குப் பிறகு முதல்முறையாக நேராக.

"சொல்லுடா," என்றேன். "நீதானே எழுதின? அந்தப் பேரு எப்படி வந்துச்சு? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

அவன் ரிதாவின் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தான்.