ஹெட்லைட்டைத் துடைத்த சிவப்புத் துணி

2006, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

மகனுடைய காரில் மஞ்சளாய் மங்கிக் கிடந்த ஹெட்லைட் இரண்டையும் இன்று நானே பளபளப்பாக்கிவிட்டேன். பற்பசை தடவி, அவன் நடத்தும் பனியன் கம்பெனியில் வெட்டிப் போட்ட சிவப்புத் துணித் துண்டை நனைத்துத் தேய்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் பார்த்தேன், வாளித் தண்ணீரும் என் கையும் சிவந்திருந்தன.

"கண்ணு, இந்தத் துணி சாயம் போகுதே, பாத்தியா?"

மகன் வாளியைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினான்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கப்பா. இந்தத் துணியில தெச்ச அத்தன பீஸும் பெட்டியில போட்டாச்சுங்க. காத்தால லோடு ஏறோணும்."

சரக்கு வாங்குகிறவரிடம் சொன்னால் மகன் கெடுவான். சொல்லாவிட்டால் எங்கோ யாரோ துவைக்கிற வெள்ளைத் துணியெல்லாம் கெடும். தூக்கம் வரவில்லை.

சொல்லத்தான் கூடாது என்றான். போன மாதம் நான் எழுதக் கற்றது அவன் நினைவில் இல்லை போல.