வெள்ளிக்கிழமை யூனிட்டுகள்

டன்லப் தெரு, சிங்கப்பூர்
9-3-1958

அன்பு மனைவி பதுருன்னிசாவுக்கு ஒலி முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் அருளால் நான் சுகம். நீயும் மகள் ரஷீதாவும் மாமா மாமியும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன்.

"எங்களை எப்பக் கூப்பிடுவீங்க? தேதி சொல்லுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க" என்று நீ எழுதி மூன்று மாதத்துக்கு மேலாகிறது. படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். நான் கப்பலேறும்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கு நாலு வயதாகிவிட்டதே என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. இடையில் எழுதிய கடிதங்களில் அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் மழுப்பினேன். காரணம் இருக்கிறது. நடுவில் கடிதத்தைத் தூக்கி எறியாமல் முழுவதும் படி.

காலாங் ஆற்றோரத்திலுள்ள எங்கள் எண்ணெய் ஆலையில் மூன்று பகுதிகள். எண்ணெய் பிழிவது லிம் என்ற சீனர் பொறுப்பு, சோப்பு சுந்தரம் பொறுப்பு, டின் செய்யும் பட்டறை என் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். கரண்ட் பில் வந்ததும் மேனேஜர் துரை குதிப்பார், நாங்கள் ஒருவரை ஒருவர் கை காட்டுவோம். லிம்தான் கரண்டைக் குடிக்கிறார் என்று அதிகம் கத்தியவன் நான். என் வாய் உனக்குத் தெரியுமே. பகுதிக்கு ஒரு மீட்டர் வைத்து, ஆன யூனிட்டைப் பகுதித் தலைவர் பெயரோடு வாசல் பலகையில் எழுதுங்கள், ஆள் அகப்படுவார் என்று துரையிடம் சொன்னவனும் நானே.

துரை அப்படியே செய்தார். ஆலைக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்கத் தோதான கம்பெனி வீடு ஒன்று காலியாக இருந்தது. மூன்று மாதத்தில் யார் பகுதியில் வீண் செலவு குறைவோ அவருக்கு அந்த வீடு என்றார். நமக்குத்தான் என்று நான் ஜன்னலுக்குத் திரைத்துணிகூடப் பார்த்து வைத்தேன்.

முதல் மாதமே ஆபீஸ் கிளார்க் சந்திரமதி மீட்டர் எண் குறிக்கும் நோட்டோடு வந்தாள். "அண்ணே, வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க பட்டறையில யாரு வேலை செஞ்சா?" என்று கேட்டாள். யாருமில்லை. ஜும்ஆ தொழுகைக்கு நாங்கள் பள்ளிவாசலுக்குப் போவோம். மற்றவர்களும் அந்த இரண்டு மணி நேரம் சாப்பிட வெளியே போய்விடுவார்கள். காற்றடிக்கும் இயந்திரம் மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் மறுபடி கிளப்புவது தொல்லை, கை வைக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லி வைத்தது வேறு யாருமல்ல, உன் கணவன்தான்.

"மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க பாய், யாருக்குத் தெரியப் போவுது லா" என்றார் சுந்தரம், இந்த ஊர் 'லா' போட்டு. சொல்லியிருப்பேன், பதுரு. வீடு கைநழுவினால் உனக்கு என்ன எழுதுவது என்று அவ்வளவு பயம். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் தொழ நின்றால், காதில் அந்த இயந்திரம்தான் ஓடியது. திரும்பி வந்து, "வீண் செலவு: டின் பட்டறை. காரணம்: ஒலி முகம்மது" என்று பலகையில் என் கையாலேயே எழுதினேன். லிம்மிடம் போய் மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கவே வெகு நேரமாயிற்று.

பிறகு பார்த்தால், அதன் தொட்டியில் அடைபட்ட காற்றைத் திறந்துவிட்டால் இயந்திரம் மறுபடி சுலபமாகக் கிளம்புகிறது. இரண்டு நிமிட வேலை. இதற்குப் போய் இத்தனை வருடம் சோம்பல்பட்டிருக்கிறேன்.

முடிவில் லிம்தான் முதல், நான் இரண்டாவது. வீடு இல்லை என்று உனக்கு எழுத உட்கார்ந்த அன்று, லிம் என்னைத் துரையிடம் இழுத்துப்போனார். தனக்குக் கேலாங்கில் வீடும் அது நிறைய ஏழு பிள்ளைகளும் இருப்பதாகவும், இந்த ஆளை இன்னும் பெண்டாட்டி இல்லாமல் விட்டால் வேறு யார்மேலாவது பழி போடக் கிளம்பிவிடுவான் என்றும் பாதி மலாயில் சொன்னார். துரையும் சிரித்துவிட்டார். சாவி இப்போது என் சட்டைப்பையில்.

நீ கேட்ட தேதி இதுதான்: நோன்புப் பெருநாள் கழிந்து நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் முதல் கப்பல். டிக்கெட்டும் அனுமதித் தாளும் தனித் தபாலில் வருகின்றன. படத்தில் இருப்பதைவிட வாப்பாவுக்குத் தலையில் முடி குறைவு என்று ரஷீதாவிடம் இப்போதே சொல்லிவை. கண்டதும் மிரண்டுவிடப் போகிறாள்.

சாவி வாங்கி எட்டு நாளாகிறது. இன்னும் இங்கேதான் ஆறு பேரோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். தனியாகக் குடிபோக மனம் வரவில்லை. வேலை விட்டதும் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். அந்த வீட்டுக்கும் தனி மீட்டர் இருக்கிறது. அதில் எண் அசையாமல் நிற்கிறது. வந்து அதை ஓடவிடு, பதுரு.

துஆவுடன்,
உன் ஒலி முகம்மது