அப்பாவின் குரலும் அண்ணியின் கோப்பையும்

மார்ச் 3, செவ்வாய்

அப்பா இன்று கணினியையும் துடைத்துவிட்டார். வீட்டில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. திரையில் அடிக்கடி ஏதோ பிழைச் செய்தி வருகிறதாம். ரெஜிஸ்ட்ரியை, அதாவது எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது என்று கணினி குறித்து வைக்கும் பட்டியலை, சுத்தம் செய்யும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டியிருக்கிறார். ‘வேண்டாதவை எல்லாம் நீக்கப்பட்டன’ என்று அது சொன்னதும் முகத்தில் அப்படியொரு திருப்தி.

சாயங்காலம் என்னைக் கூப்பிட வழக்கம்போல் தட்டச்சு செய்தார். யாரோ ஒரு பெண்ணின் குரல் என்னைக் கூப்பிட்டது.

மார்ச் 4, புதன்

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முன்னால், குரல் போய்விடும் என்று தெரிந்ததும், அப்பா வாரக்கணக்கில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்தார். அதை வைத்து ஒரு நிறுவனம் அவர் குரலைச் செய்து கொடுத்தது. அவர் தட்டச்சு செய்வார், கணினி அவர் குரலில் பேசும். இப்போது ‘அனுமதி இல்லை’ என்கிறது. புதிதாக நிறுவலாம் என்றால் அனுமதி கொடுக்க ஆளில்லை, அந்த நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

அப்பா அந்தப் பெண் குரலை அணைத்துவிட்டுக் கையசைத்துப் பேசுகிறார். பேசுகிறார் என்றா எழுதினேன்?

அண்ணி வேலையாக வெளியூரில் இருக்கிறார். அலுவலகக் கணினிகள் அத்தனையையும் கட்டி மேய்க்கிறவர். போனில் சொன்னது இவ்வளவுதான்: “நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. முக்கியமா மாமா.”

அப்பாவுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணி குடித்த கோப்பையைக் குடித்த இடத்திலேயே விட்டுவிடுவார். அப்பா பின்னாலேயே போய் எடுத்துக் கழுவிவிட்டு, தட்டச்சு செய்து, ஒலியையும் கூட்டுவார்: “இது வீடா, கிடங்கா?”

மார்ச் 5, வியாழன்

திட்டுச் சத்தமே இல்லை. இந்த நிம்மதியை யார் கேட்டார்கள்?

மார்ச் 6, வெள்ளி

அண்ணி வந்தார். தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. காப்பியைக் கையில் கொடுத்தேன், குடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“பழைய நிலைக்குத் திருப்புற வசதி இருந்துச்சே மாமா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இடத்தை அடைக்கிறது என்று அதையும் அழித்திருக்கிறார்.

அண்ணி தன் அலமாரியைத் திறந்தார். அப்பா பார்க்கவே கூசும் அலமாரி அது. ஒயர் சிக்கலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய வட்டு வந்தது. குரல் மென்பொருளை நிறுவிய அன்றே ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு நகல் எடுத்திருக்கிறார். எதையும் தூக்கிப் போடாத மகராசி!

முதலில் இப்போதைய நிலைக்கும் நகல் எடுத்தார். கெட்டுப்போனதற்கு எதற்கு நகல் என்று கேட்டேன்.

“இதைவிட மோசமாகாதுன்னு யார் சொன்னா?”

பழைய நகலை முழுதாகப் போடவும் இல்லை. போட்டால் இப்போது ஓடுகிறதும் நின்றுவிடுமாம். வரிவரியாகப் படித்து, குரலுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார். என்ன பொறுமை! நானாக இருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

பிழைச் செய்தி போய்விட்டது. ஆனால் பேசியது அதே பெண். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அசரவில்லை.

“மாமா, எதையாவது இடம் மாத்தி வெச்சீங்களா?”

அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு திரையில் மெல்ல விரலை வைத்தார். குரல் கோப்புகள் கண்ட இடத்தில் கிடந்தனவாம். எடுத்து ஒழுங்காக ஒரு புதிய கோப்புறைக்குள் அடுக்கியிருக்கிறார். கணினியோ இன்னமும் பழைய இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

“நல்ல இடத்துலதான் வெச்சிருக்கீங்க. அதுக்குத்தான் தெரியல. சொல்லிடுவோம்” என்று அண்ணி ஒரே ஒரு வரியை மாற்றினார்.

அப்பா தட்டச்சு செய்தார். விசைப்பலகைக்குப் பக்கத்தில் அண்ணியின் காலிக் கோப்பை.

“இது வீடா, கிடங்கா?”

அப்பா! அப்பாவின் குரலேதான்!

அண்ணி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாமா, இன்னொரு தடவை திட்டுங்க.”

மார்ச் 11, புதன்

கணினி மேசையில் நேற்றைய கோப்பை. அப்பா மேசை முழுவதும் தூசி துடைத்திருக்கிறார், கோப்பையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் விட்டு.