கிணற்றடியில் கழுவிய ஜீப்

2022 மார்ச் 14, திங்கள்

ஜீப்பின் வருடச் சடங்கு இன்றோடு ஒருவழியாக முடிந்தது. புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், பிரதேச செயலகத்தில் வரிப் பத்திரம். இடையில் டீசல் வரிசையில் வெயிலோடு ஒரு பகல்.

என் பிறந்தநாளுக்கு, கட்டாரில் உழைக்கிற என் மனுஷன் றெனோல்ட் ஒரு பூப்படம் அனுப்புவார். மார்ச் வந்தால் ஜீப்புக்கோ தினமும் கோல். இந்த வீட்டில் மூத்த பெண்டாட்டி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழக்கம்போல வீடியோ அனுப்பினேன். நாலு பக்கமும் சுற்றி, பொனட்டைத் திறந்து, கடைசியில் ஸ்டார்ட் செய்து சத்தம். அந்தச் சத்தத்தைத் தன் அறையில் இருப்பவர்களுக்கும் போட்டுக் காட்டுவாராம். பிறகு புத்திமதி தொடங்கும். கிழமைக்கு ஒரு தரமாவது ஓட்டு. மூடியிருக்கிற படங்கு கிழிந்தால் உடனே மாற்று. கடற்கரை மணலில் இறக்காதே. கழுவினால் குழாய்த் தண்ணீரால் கழுவு, கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

எங்கள் கிணறு சுனாமியோடு உவராகிப் போனது. குடிக்கத்தான் குழாய், குளிக்க, தோய்க்க, சட்டி கழுவ எல்லாம் கிணறுதான். நாக்கில் படாதவரைக்கும் அது உப்பு என்ற நினைப்பே எங்களுக்கு வருவதில்லை. மனிதர் குளிக்கிற தண்ணீரில் ஜீப் குளிக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"அது நல்லா நிண்டாத்தான் நான் ஊரோட வரலாம், ராணி. அதை மறந்திராத."

குமணைக் காட்டுக்குள் மிருகம் பார்க்க வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு சவாரி போவது. அதுதான் அவருடைய திட்டம், எங்கள் திட்டம். மறக்கவில்லை.

2022 டிசம்பர் 9, வெள்ளி

உடுப்பு இன்னும் காயவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

விடியும்போதே மழை. கேற்றில் தட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் கடற்கரை மீன்வாடிக் குடிசையில் இருக்கிற இராசாத்தி, தலைமயிர் முழுக்க மண். அவள் புருஷன் முருகேசு அண்ணன் தோணியைக் கரைக்கு எடுக்கும்போது அலை புரட்டிவிட்டதாம். கால் தோணிக்கு அடியில். அலைக்கு அலை தோணி அவர்மேல் ஏறி இறங்குகிறது. ஆட்களால் தூக்க முடியவில்லை. தோணி இழுக்கிற ட்ரக்டரில் ஒரு சொட்டு டீசல் இல்லை, இந்தக் கிழமைக் கோட்டா முடிந்துவிட்டது.

"அக்கா, உங்கட ஜீப்பு," என்றாள்.

நான் யோசித்தேன். அதை எழுதத்தான் வேண்டும். அவள் மழையில் நிற்க, றெனோல்ட் என்ன சொல்வார் என்று நான் யோசித்தேன். பிறகு சாவியை எடுத்தேன்.

கயிறு எட்டவில்லை. பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். அலை கதவைத் தாண்டி உள்ளே வந்து என் மடியில் விழுந்தது. நாலு சில்லும் இழுக்கிற கியரில் போட்டு, கர்த்தரே என்று மிதித்தேன். ஜீப் முக்கியது, சறுக்கியது, பிறகு ஏறியது. தோணியும் கூடவே வந்தது.

கால் முறிந்திருக்கிறது. ஆள் பிழைத்துவிட்டார்.

2022 டிசம்பர் 10

முன்வாசலில்தான் குழாய் இருக்கிறது. அங்கே வைத்துக் கழுவினால் எதிர் வீட்டு மச்சாள் பார்ப்பாள். றெனோல்ட்டின் அக்கா. அவள் கண்ணில் பட்டால் நான் ஹோஸைச் சுருட்டி முடிக்கும் முன்னமே கட்டாருக்குச் செய்தி போய்விடும். ஆகையால் ஜீப்பைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கிணற்றடியில் நிறுத்தி, வாளி வாளியாக இறைத்து ஊற்றினேன். ஒரு தரம்தானே. பளபளவென்று வந்துவிட்டது.

பின்னேரம் அவர் கோல் எடுத்தார். கடல் கொந்தளிப்பாமே என்றார். ஓம், நல்ல மழை என்றேன். ஜீப்? படங்குக்குள்ளே நிற்குது என்றேன்.

அது பொய்யில்லை. அப்போது படங்குக்குள்ளேதான் நின்றது.

2022 டிசம்பர் 25

இராசாத்தி ஒரு பெரிய பாரை மீன் கொண்டுவந்தாள். நல்ல நாளும் பெருநாளுமாகத் திருப்பி அனுப்ப முடியுமா? வாங்கினேன். றெனோல்ட்டுக்குச் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். விசர்க் கதை என்பதுபோல் பார்த்தாள்.

"நல்ல காரியம்தானே அக்கா? ஏன் ஒளிக்கிறீங்க?"

மணலில் இறக்க வேண்டாம் என்றிருந்தார் என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

2023 மார்ச் 13

வீடியோ அனுப்பியாயிற்று. இந்த வருடம் குனிந்து எடுக்கவில்லை, நிமிர்ந்தே சுற்றினேன். கதவுக்கு அடியில் கபில நிறத்தில் துருப் பொருக்கு. சத்தம் மட்டும் போன வருடம்போலவே இருக்கிறது. கேட்டுவிட்டு, "தங்கம்டி நீ," என்றார்.

ஜீப்பையா, என்னையா?

2023 ஜூலை 2, ஞாயிறு

முருகேசு அண்ணன் கம்பு ஊன்றியபடி கோயில் வாசலில் காத்து நின்றார். முருகன் கோயிலுக்குப் போகிற மனிதர், எங்கள் மெதடிஸ்த கோயில் வாசலில். றெனோல்ட் தம்பியின் நம்பரைத் தாங்க, ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்றார்.

நம்பர் மாறிவிட்டது, புது நம்பர் எனக்கே இன்னும் பாடமில்லை என்றேன். கோயில் வாசலில் நின்று சொன்னேன். அவர் நம்பினார். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது, அவர் அப்படியே நம்பினார்.

அங்கே தனியாகக் கிடக்கிற மனிதருக்கு வரவேண்டிய ஒரு நன்றியை நான் வழியில் நின்று பிடுங்கியிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை? முதல் நாள் சொல்லியிருக்கலாம். மிஞ்சினால் ஏசியிருப்பார். இப்போது சொன்னால் கடலைப் பற்றிக் கேட்கமாட்டார், இவ்வளவு நாளும் ஏன் மறைத்தாய் என்றுதான் கேட்பார்.

2024 மார்ச் 18

சாய்ந்தமருது ஆதம்பாவா காக்காவின் கராஜ். றெனோல்ட்டுக்கு அவர் அண்ணன் மாதிரி. ஜீப்பைத் தூக்கி, டோர்ச் பிடித்து அடியைப் பார்த்தார். பிறகு என்னையும் குனியச் சொல்லிக் காட்டினார். முழு ஜீப்பையும் தாங்குகிற சட்டம், சேசி என்பார்கள், அது பெட்டிபோல உள்ளே வெறுமை. அந்த வெறுமைக்குள் மணலும் உப்பும் போய் அடைந்து, உள்ளேயிருந்தே தின்றுகொண்டு வருகிறதாம்.

"கடலுக்குள்ள இறக்கினீங்களா தங்கச்சி? றெனோல்டுக்குத் தெரியுமா?"

ஓம் என்றேன். இரண்டு கேள்விக்கும் ஒரே ஓம். அதில் பாதி பொய்.

அடியில் கறுப்புப் பூச்சு அடித்துவிடச் சொன்னேன். அடிக்கலாம், பார்க்க நல்லா இருக்கும், ஆனால் நோய் உள்ளேதான் என்றார். பரவாயில்லை என்றேன். வீடியோவில் இந்த முறை அடிப்பக்கத்தையும் காட்டினேன், கறுகறுவென்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் நான் நன்றாகத் தேறிவிட்டேன்.

2024 மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழும்பிப் போகவில்லை, பொய்யோடு அதைத் தொட மனம் வரவில்லை. வாங்குப் பலகையிலேயே இருந்தேன். தலைச்சுற்று என்று மச்சாளிடம் சொன்னேன்.

2025 பெப்ரவரி 2

வருகிறாராம். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. கம்பனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். போனில் அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல இருந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல் வைத்திருக்கிற ஒருவரிடம் சவாரிக்குக் கதைத்தும் முடித்துவிட்டாராம்.

சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். பிறகு படங்கைத் தூக்கி ஜீப்பைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடு அருள்ராணி, எழுதிக் கொடுத்ததை அவர் திருப்பி வாங்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது.

சொல்லவில்லை.

2025 மார்ச் 6

வந்துவிட்டார். மெலிந்துபோயிருக்கிறார், முன் மண்டையில் மயிர் இல்லை. பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு முதலில் ஜீப்பிடம்தான் போனார். பொனட்டைத் தடவினார். "நல்லா வச்சிருக்கா," என்று தன் அக்காவிடம் சொன்னார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.

2025 மார்ச் 7

காலை சாப்பிட்டு முடியவில்லை, முருகேசு அண்ணன் வந்தார். கையில் மீன், பின்னால் இராசாத்தி. றெனோல்ட்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். தம்பி, உங்கட ஜீப்புத்தான் எனக்கு உயிர் தந்தது, அக்கா கடலுக்குள்ளேயே இறக்கி இழுத்தா, நன்றி சொல்ல எத்தனை நாளாத் தேடுறன் என்றார்.

றெனோல்ட் என்னைப் பார்த்தார். பிறகு அவரை இருத்தி, காலைப் பற்றி விசாரித்து, தேத்தண்ணி கொடுத்து, கேற்றுவரை கூட்டிக்கொண்டு போய் அனுப்பினார். எல்லாம் ஒழுங்காக, மரியாதையாக.

அதன் பிறகு ஒரு ஸ்குறூட்றைவரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார். தட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. டக், டக். பிறகு டக் என்று வரவில்லை. ஸ்குறூட்றைவர் உள்ளே போய்விட்டது.

வெளியே வந்து மண்ணிலேயே இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தோணி, நம்பர், கறுப்புப் பூச்சு. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கழுவினது எந்தத் தண்ணியால என்று.

கிணற்றுத் தண்ணி என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு நீ ஒரு கோல் எடுத்திருந்தால், சேசிக்குள்ளே ஹோஸைவிட்டுக் குழாய்த் தண்ணியைத் திறந்துவிடு என்று சொல்லியிருப்பேன், ஒரு பின்னேர வேலை என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே ஒளித்தவள் நான், உப்புத் தின்றது ஜீப்.

2025 மார்ச் 8

விடிந்ததும் கேட்டேன், கோபமா என்று. முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஜீப்பு போனாப் போகட்டும். ஒரு மனிசனைக் காப்பாத்தியிருக்கிறாய். அந்த அறைக்குள்ள கிடந்த காலத்தில எனக்கு ஒரு நல்ல செய்தி வந்ததில்ல, ராணி. அதையாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே."

இதை எத்தனை தரம் எழுதினாலும் அதே இடத்தில்தான் குத்துகிறது.

2025 மார்ச் 20

ஆதம்பாவா காக்கா சொல்லிவிட்டார். சேசியைத் தகடு வைத்து ஒட்டலாம், ஊருக்குள்ளே மெதுவாக ஓட்டலாம். காட்டுப் பாதையில் ஆட்களை ஏற்ற முடியாது, ஏற்றினால் பாவம். வேறு சேசி தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். அதற்குக் கையில் இருப்பது காணாது. பாசிக்குடாக்காரர் வேறு ஜீப் பிடித்துவிட்டார்.

2025 மே 11, ஞாயிறு

பழைய கம்பனி திருப்பி எடுக்கவில்லை. வேறொன்று, பாலைவனத்துக்குள் தள்ளி. போய்விட்டார். வான் வண்டியில் ஏறும்போது என் தலையில் கையை வைத்தார். ஜீப்பைப் பற்றி ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு தரம் ஓட்டு என்றுகூடச் சொல்லவில்லை.

2025 மே 12

முருகேசு அண்ணனின் வாடிக்குப் போய் நம்பரைக் கொடுத்தேன். மாறாத நம்பர்தான் என்றும் சொன்னேன். இராசாத்தி என்னைப் பார்க்காமல் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள்.

2025 நவம்பர் 23

முருகேசு அண்ணனும் இவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைத்துக்கொள்கிறார்களாம். மீன், காற்று, கால். என்னோடும் கதைக்கிறார், சாப்பிட்டாயா, மழையா என்று. மார்ச் வருகிறதே என்று இதுவரை ஒரு கோலிலும் சொல்லவில்லை. முன்பு அந்தப் புத்திமதியைக் கேட்டுச் சலித்துக்கொண்டவள்தான் நான்.

2026 மார்ச் 16, திங்கள்

வரிப் பத்திரம் எடுத்துவிட்டேன். எங்கும் போகாத ஜீப்புக்கு எதற்கு என்று பிரதேச செயலகத்தில் ஒருவர் கேட்டார். பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

ஜீப்பை முன்வாசலில் நிறுத்தினேன். ஹோஸை மாட்டிக் குழாயைத் திறந்தேன். மச்சாள் தன் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தாள். பார்க்கட்டும். சேசியின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஹோஸைவிட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினேன். இன்னும் மணல் வருகிறது.

பிறகு ஈர மண்ணில் மல்லாந்து படுத்து வீடியோ எடுத்தேன். இது முன்னம் இருந்த ஓட்டை, இது புதிது, இங்கே விரல் போகுது, இங்கே வெடிப்பு. யாரும் கேட்காமலே அனுப்பினேன். பார்த்த அடையாளம் உடனே விழுந்தது. பதில் இல்லை. ஹோஸைச் சுருட்டினேன், உடுப்பு மாற்றினேன், சோறு வைத்தேன். பதில் இல்லை.

சோறு வடிக்கும்போது போனில் செய்தி விழுந்தது. ஒரே வரி.

"சத்தம் எங்க?"

ஓடிப்போய், போனைப் பிடித்தபடி சாவியைத் திருப்பினேன். முதல் தடவை பற்றவில்லை. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.